இரும்பின் மேல் படுத்த நைட்ரஜன்

வினையூக்கிகளின் கதை – 14

கம்பம் பள்ளத்தாக்கின் ராயப்பன்பட்டியில் திராட்சைக் கவாத்து முடிந்தால் உரக்கடைப் பக்கம் ஆள் நடமாட்டம் கூடும். வேப்பெண்ணெய் பூசிய யூரியா, மூட்டைக்கு 45 கிலோ. அதில் 46 சதவீதம் நைட்ரஜன். கணக்குப் போட்டால் மூட்டைக்கு 20 கிலோவுக்குச் சற்று மேல். பன்னீர் திராட்சைப் பந்தலுக்கும், வாழைக்கும், முல்லைப் பெரியாற்றுத் தண்ணீரில் விளையும் நெல்லுக்கும் போய்ச் சேரும் இந்த நைட்ரஜன் முழுக்கக் காற்றிலிருந்து பிடித்தது. காற்றிலிருந்து மூட்டைக்கு வரும் வழியில் அதன் ஒவ்வோர் அணுவும் ஏதோ ஓர் ஆலையில், ஓர் இரும்புத் துணுக்கின் மேல் கொஞ்ச நேரம் ஒட்டிக்கொண்டிருந்துவிட்டுத்தான் வந்திருக்கிறது.

அந்த ஆலை எப்படிப் பிறந்தது என்பதைச் சென்ற பகுதியில் பார்த்தோம். 1909இல் ஃபிரிட்ஸ் ஹேபர் மேசை மேல் அம்மோனியா சொட்டச் செய்ததும், ஆல்வின் மிட்டாஷ் ஆயிரக்கணக்கான கலவைகளைச் சோதித்துக் கடைசியில் சுவீடனின் யெல்லிவாரே சுரங்கத்து இரும்புத் தாதுவில் வந்து நின்றதும், 1913இல் ஓப்பாவில் கார்ல் போஷ் முதல் ஆலையை ஓட்டியதும் நினைவிருக்கும். கலவை கிடைத்துவிட்டது. அது ஏன் வேலை செய்கிறது என்பதுதான் தெரியவில்லை. இரும்பின் மேல் வந்து அமரும் நைட்ரஜன் மூலக்கூறு முதலில் இரண்டாக உடைகிறதா, அல்லது உடையாமலேயே ஹைட்ரஜனைச் சேர்த்துக்கொள்கிறதா? 1971இல் மணலியில் மெட்ராஸ் ஃபெர்ட்டிலைசர்ஸ் உற்பத்தியைத் தொடங்கியபோதும், 1975இல் தூத்துக்குடியில் ஸ்பிக் யூரியா எடுத்தபோதும் இந்தக் கேள்வி வழக்காகவே இருந்தது. நாடு முழுக்க மூட்டை மூட்டையாக உரம் போய்க்கொண்டிருந்தது. உலோகத்தின் மேற்பரப்பில் என்ன நடக்கிறது என்பதைக் கண்டவர் இல்லை.

காண்பதற்கான கருவி வேறொரு வீதியில் உருவாகிக்கொண்டிருந்தது. அதன் தொடக்கத்துக்கும் உரத்துக்கும் துளியும் சம்பந்தமில்லை.

1887இல் ஜெர்மனியின் கார்ல்ஸ்ரூவே நகரில் ஹைன்ரிக் ஹெர்ட்ஸ் மின்காந்த அலைகளைத் தேடிக்கொண்டிருந்தார். இரண்டு உலோக முனைகளுக்கு இடையே பொறி தாவினால் அலை வந்திருக்கிறது என்று அர்த்தம். பொறி சரியாகத் தெரியட்டும் என்று அதை ஓர் இருட்டுப் பெட்டிக்குள் வைத்தார், பொறி குட்டையாகிவிட்டது. குறுக்கே கண்ணாடியை வைத்தாலும் குறைந்தது. குவார்ட்ஸ் பலகையை வைத்தால் குறையவில்லை. கண்ணாடி தடுப்பதும் குவார்ட்ஸ் தடுக்காததுமான ஒன்று, புற ஊதா ஒளி, உலோகத்தை ஏதோ செய்கிறது. ஹெர்ட்ஸ் அதைக் குறித்து வைத்துவிட்டுத் தன் வேலைக்குத் திரும்பிவிட்டார். ஒளி பட்ட உலோகத்திலிருந்து எலக்ட்ரான்கள் பிடுங்கிக்கொண்டு வருகின்றன என்பது பின்னால் தெளிந்தது. அதற்கு 1905இல் ஐன்ஸ்டீன் எழுதிய கணக்கு ஒரு வரிதான்: வெளியே வரும் எலக்ட்ரானின் வேகத்தில் உள்ள ஆற்றல் என்பது, ஒளித்துகள் கொண்டுவந்த ஆற்றலில் எலக்ட்ரானை விடுவிக்கச் செலவானது போக மிச்சம்.

இந்தக் கணக்கைப் பொய்யாக்கத்தான் ராபர்ட் மில்லிகன் சோதனைகளில் இறங்கினார். அவருடைய கண்ணாடிக் கலத்துக்குள் சோடியம், பொட்டாசியம், லித்தியம் கட்டிகளும் ஒரு சுழலும் கத்தியும் இருந்தன. வெற்றிடத்தைக் கலைக்காமல், வெளியிலிருந்தே கத்தியை இயக்கி, உலோகத்தின் மேல்தோலைச் சீவித் தள்ளிவிட்டுப் புதுப் பரப்பில் ஒளியைப் பாய்ச்சினார். 1916இல் ஐன்ஸ்டீனின் கணக்கு சரியென்று அவரே நிரூபிக்க வேண்டியதாயிற்று. மில்லிகனின் பெயரைச் சொல்பவர்கள் எண்ணெய்த் துளியைச் சொல்லிவிட்டுப் போகிறார்கள். இந்தக் கதைக்கு அவருடைய கத்திதான் முக்கியம். உலோகப் பரப்பைப் பற்றிப் பேச வேண்டுமானால் முதலில் அந்தப் பரப்பு சுத்தமாக இருக்க வேண்டும் என்பதை அவர் அப்போதே செயலில் காட்டிவிட்டார்.

உலோகத்தின் எல்லையைத் தாண்டி எலக்ட்ரான் வெளியே வரக் குறைந்தபட்சம் செலவாகும் ஆற்றலுக்கு வெளியேற்று ஆற்றல் என்று பள்ளிப் புத்தகங்கள் பெயர் சொல்கின்றன. அதை நுட்பமாக அளந்தவர்களில் ஒருவர் கம்பம் பள்ளத்தாக்குக்குத் தூரத்து ஆள் இல்லை. வருசநாட்டு மலைக்கு அந்தப் பக்கம், வத்திராயிருப்பில் 1898இல் பிறந்த கே.எஸ். கிருஷ்ணன்தான் அவர். ராமனோடு கல்கத்தாவில் செய்த வேலைக்காகவே அவரை உலகம் நினைவில் வைத்திருக்கிறது. தில்லியில் தேசிய இயற்பியல் ஆய்வுக்கூடத்தின் முதல் இயக்குநராக இருந்த காலத்தில், 1950களில், எஸ்.சி. ஜெயினுடன் சேர்ந்து, பழுக்கக் காய்ச்சிய வெற்றறையில் சிறு துளையிட்டு அதன் வழியே கசியும் எலக்ட்ரான்களை எண்ணி இந்த ஆற்றலைக் கணித்தார். அவர்கள் பயன்படுத்தியது வெப்பம். ஒளியைப் பயன்படுத்தும் வழி வடக்கே வேறொருவர் கையில் முதிர்ந்துகொண்டிருந்தது.

கை சீக்பான். சுவீடனின் உப்சாலா. அப்பா மன்னே சீக்பான் எக்ஸ் கதிர் ஆய்வுக்காக 1924ஆம் ஆண்டு நோபல் பெற்றவர். மகன் அணுக்கரு ஆராய்ச்சிக்காக எலக்ட்ரான்களின் ஆற்றலைத் துல்லியமாக அளக்கும் காந்தக் கருவியைக் கட்டி வைத்திருந்தார். அதன் முன்னால் உப்பை வைத்து எக்ஸ் கதிரைப் பாய்ச்சினால் என்ன என்று தோன்றியது. 1914இலேயே மான்செஸ்டரில் ராபின்சனும் ராலின்சனும் இப்படி ஒன்றைச் செய்து பார்த்திருக்கிறார்கள். அவர்களுக்குக் கிடைத்தது மங்கலான விளிம்பு. 1954இல் உப்சாலாவில் கிடைத்தது கூர்மையான முனை. கிளம்பிய இடத்திலிருந்து ஆற்றல் எதையும் இழக்காமல் வந்த எலக்ட்ரான்கள் அத்தனையும் ஒரே இடத்தில் குவிந்து நின்றன.

அலுமினியத்திலிருந்து எடுக்கும் எக்ஸ் கதிரின் ஆற்றல் 1486.6 எலக்ட்ரான் வோல்ட். இரும்பில் ஒட்டிய நைட்ரஜன் அணுவின் உள்கூட்டு எலக்ட்ரானைப் பிணைத்திருப்பது சுமார் 397. வெளியேற்று ஆற்றல் நாலரை அளவு. கழித்தால் மிச்சம் 1085. அளவி 1085இல் ஒரு முனையைக் காட்டினால் அங்கே நைட்ரஜன் இருக்கிறது. இரும்புக்கு வேறு எண், கரிக்கு வேறு எண், ஆக்சிஜனுக்கு வேறு எண்.

இதைவிடப் பெரிய விஷயம் தாமிரத்தில் வெளிப்பட்டது. தாமிரத்துக்கு ஓர் எண் கிடைத்தது. தாமிர ஆக்சைடில் அதே தாமிரத்தின் எண் கொஞ்சம் நகர்ந்து நின்றது. அணு யாரோடு சேர்ந்திருக்கிறது என்பதையும் எலக்ட்ரான் சொல்லிவிடுகிறது! புகைப்படக்காரர்கள் இருட்டறையில் புழங்கிய ஹைப்போவை, அதாவது சோடியம் தயோசல்ஃபேட்டை, 1964இல் வைத்துப் பார்த்தார்கள். அதில் கந்தக அணுக்கள் இரண்டு. ஒன்று நடுவில், இன்னொன்று ஓரத்தில். திரையில் கந்தகத்துக்கு இரண்டு முனைகள் தள்ளித் தள்ளி நின்றன. சீக்பான் இதற்கு எஸ்கா என்று பெயர் சூட்டினார். ரசாயனப் பகுப்பாய்வுக்கான எலக்ட்ரான் நிறமாலையியல் என்பதன் ஆங்கிலச் சுருக்கம் அது. 1981இல் அவருக்கும் நோபல்.

இந்த முறைக்கு ஒரு குறை இருந்தது. பிற்பாடு அதுவே வரமானது. எக்ஸ் கதிர் உலோகத்துக்குள் ஆழமாகப் போகும், ஆனால் எலக்ட்ரான் ஆழத்திலிருந்து முழுசாக வெளியே வராது. வீரபாண்டி சித்திரைத் திருவிழாக் கூட்டத்தின் நடுவில் மாட்டியவர் பை, செருப்பு எல்லாம் தொலைத்துவிட்டுத்தான் வெளியே வருவார்; ஓரத்தில் நின்றவர் வைத்தது வைத்தபடி வருவார். அப்படி ஓரத்திலிருந்து வரும் எலக்ட்ரான்கள்தான் கூர்மையான முனையாகக் குவிகின்றன. ஓரம் என்றால் மேலே உள்ள சில அணு அடுக்குகள் மட்டும். வினையூக்கி வேலை செய்யும் இடமும் அதுவே.

ஆனால் உப்சாலாக் கருவிக்குள் இருந்த வெற்றிடம் இதற்குப் போதாது. காற்றழுத்தம் 760 டார். அதை ஒரு டாரில் பத்து லட்சத்தில் ஒரு பங்காகக் குறைத்தாலும், சுத்தமான உலோகத்தின் மேல் ஒரே விநாடியில் ஓர் அடுக்கு அழுக்கு மூடிவிடும். சில மணி நேரம் பரப்பு தாக்குப்பிடிக்க வேண்டுமானால் இன்னும் பத்தாயிரம் மடங்கு இறங்க வேண்டும். அதனால்தான் இந்த ஆய்வுக்கூடங்களில் எஃகுக் கலத்தைச் சுற்றி வெப்ப நாடாவைக் கட்டி, மேலே அலுமினியத் தாளைச் சுற்றி, இரவு முழுக்கச் சுமார் 150 டிகிரியில் வேகவைப்பார்கள். சுவரில் ஒட்டியிருக்கும் ஈரமெல்லாம் அப்போதுதான் கழன்று பம்பு வழியே போகும். அதன் பிறகு ஆர்கான் அயனிகளை மோதவிட்டு உலோகத்தின் மேல்தோலைப் பெயர்த்தெடுப்பார்கள், சூடேற்றுவார்கள், மறுபடி பெயர்ப்பார்கள். கரி, ஆக்சிஜன் முனைகள் திரையில் மறைகிற வரைக்கும் இதே வேலைதான். ஆராய்ச்சி மாணவரின் வாழ்வில் பாதி இந்தத் துடைப்பிலேயே போகும் என்பது இந்தத் துறையில் வேடிக்கையாகச் சொல்லும் பேச்சில்லை. மில்லிகனின் கத்தி வேறு உருவில் வந்திருக்கிறது, அவ்வளவுதான்.

லண்டனில் டேவிட் டர்னர் 1962இல் இன்னொரு பாதையைத் திறந்தார். எக்ஸ் கதிருக்குப் பதில் ஹீலியம் விளக்கின் புற ஊதா ஒளி, 21.2 எலக்ட்ரான் வோல்ட். இது உள்கூட்டைத் தொடாது; பிணைப்பில் ஈடுபடும் வெளி எலக்ட்ரான்களை மட்டும் கிளப்பும். டர்னர் வாயுக்களை அளந்தார். 1971இல் அமெரிக்காவின் ஐபிஎம் ஆய்வுக்கூடத்தில் டீன் ஈஸ்ட்மனும் கேஷனும் அந்த ஒளியை நிக்கல் மேல் ஒட்டிய கார்பன் மோனாக்சைடின் மீது பாய்ச்சினார்கள். உலோகத்தில் ஒட்டிய மூலக்கூறின் வெளி எலக்ட்ரான்கள் பேசத் தொடங்கியது அங்கேதான். முதல் வாசிப்பே பிசகியது.

கார்பன் மோனாக்சைடு வாயுவாக இருக்கும்போது ஹீலியம் ஒளியில் மூன்று முனைகள் காட்டும்: 14, 17, 20 என்ற எண்களை ஒட்டி. நிக்கலில் ஒட்டிய பிறகு தெரிந்ததோ இரண்டே முனைகள், உலோகத்தின் மட்டத்துக்குக் கீழே சுமார் 8இலும் சுமார் 11இலும். மேலிருந்து வரிசையாக எண்ணி, இவை முதல் இரண்டும் என்று வாசித்தார்கள். எவருக்கும் அப்படித்தான் தோன்றும். இரண்டு முனைகளுக்கு இடையேயான தூரமும் கிட்டத்தட்டப் பொருந்தியது. சில ஆண்டுகள் கழித்துத்தான், ஒளியின் ஆற்றலை மாற்றி மாற்றிப் பார்த்தபோது, ஒரு முனை நடந்துகொள்ளும் விதம் சரியில்லை என்று தெரிந்தது. 11இல் நிற்பது உண்மையில் மூன்றாவது. 8இல் நிற்பது ஒன்றல்ல, இரண்டு. முதலாவது சரிந்து இரண்டாவதோடு ஒட்டிக்கொண்டு ஒரே முனைபோல நின்றிருக்கிறது.

அந்த முதலாவது மட்டும் ஏன் சரிய வேண்டும்? மற்ற இரண்டும் ஏறக்குறைய ஒரே அளவு நகர்ந்திருக்க, இது மட்டும் கூடுதலாக இறங்கியிருக்கிறதென்றால், உலோகத்தோடு கைகோத்தது இந்த எலக்ட்ரான் இணைதான். அது மூலக்கூறில் குடியிருப்பது கார்பன் முனையில். ஆக, மூலக்கூறு கார்பனைக் கீழே வைத்து ஒட்டியிருக்கிறது. 1976இல் ஸ்மித், ஆண்டர்சன், லாப்பேர் மூவரும், அடுத்த ஆண்டு அல்லின், குஸ்டாஃப்சன், பிளம்மர் மூவரும் ஒளியின் அதிர்வுத் திசையையும் எலக்ட்ரான் பறக்கும் திசையையும் திருப்பித் திருப்பி அளந்து உறுதிசெய்தார்கள்: நிக்கலின் மேல் அது செங்குத்தாக நிற்கிறது, கார்பன் கீழே, ஆக்சிஜன் மேலே. மூலக்கூறைப் படம் பிடிக்காமல், பறந்து வந்த எலக்ட்ரான்களின் கணக்கை வைத்தே அது நிற்கும் வாகைச் சொல்லிவிட்டார்கள். இந்தத் தொடரில் இதுவரை வந்த துப்பறிதல்களில் இதற்குத்தான் முதலிடம் தரத் தோன்றுகிறது. பிசகை உடைத்துக் காட்ட ஆறு ஆண்டுக்குள் ஆட்கள் வந்தார்கள் என்பதும் அதன் அழகில் சேர்த்தி.

நைட்ரஜன் மூலக்கூறுக்குக் கார்பன் மோனாக்சைடு போலவே 14 எலக்ட்ரான்கள். இரண்டும் ஒரே குணம் காட்டும் என்று எதிர்பார்க்கலாம். நிக்கலில் அப்படித்தான், நைட்ரஜனும் எழுந்து நிற்கிறது, பலவீனமாக. இரும்பு வேறு மாதிரி.

மியூனிக்கில் கெர்ஹார்ட் எர்ட்ல் இரும்பின் ஒற்றைப் படிகங்களை வெவ்வேறு கோணங்களில் வெட்டி நைட்ரஜனைக் காட்டினார். 1977இல் அவர் குழு வெளியிட்ட முடிவுகளும் அதைத் தொடர்ந்தவையும் ஹேபர் காலத்து வழக்கைத் தீர்த்து வைத்தன. நைட்ரஜன் முதலில் உடைகிறது. உடைந்த அணுக்கள் இரும்பின் மேல் ஒட்டுகின்றன, பிறகு ஹைட்ரஜன் ஒவ்வொன்றாக வந்து சேர்கிறது, மூன்று சேர்ந்ததும் அம்மோனியாவாகக் கிளம்புகிறது. உடைவதுதான் கடினமான படி; மற்றதெல்லாம் அதன் பின்னால் ஓடி வரும். மிட்டாஷ் குத்துமதிப்பாகச் சேர்த்த பொட்டாசியம், இரும்புக்கு எலக்ட்ரான்களைக் கொடுத்து அந்த உடைப்பை எளிதாக்குகிறது. உடைவதற்கு முன் மூலக்கூறு எப்படி இருக்கிறது என்பதை 1984இல் கிரன்ஸே குழுவினர் கண்டார்கள்: இரும்புப் படிகத்தின் ஒரு குறிப்பிட்ட முகத்தில் அது நிற்கவில்லை, படுத்துக்கிடக்கிறது. இரண்டு அணுக்களும் இரும்பைத் தொடும்படி படுத்தால் நடுவில் உள்ள மும்மைப் பிணைப்பு தளர்கிறது. எர்ட்லுக்கு நோபல் அறிவிப்பு வந்தது 2007 அக்டோபர் 10 அன்று. அன்றைக்கு அவருக்கு 71ஆவது பிறந்த நாள்.

இதே ஆண்டுகளில் பெங்களூரில் இந்த வேலை சூடு பிடித்திருந்தது. சி.என்.ஆர். ராவ் 1976இல் கான்பூர் ஐஐடியிலிருந்து இந்திய அறிவியல் கழகத்துக்கு வந்து திடநிலை வேதியியலுக்கென்று ஒரு பிரிவைத் தொடங்கினார். ஆக்சைடுகளும் பின்னாளில் மீகடத்திகளும் அவருக்குப் பெயர் வாங்கித் தந்தன. பரப்பு ஆய்வு அவற்றின் நிழலில் மறைந்துபோயிற்று. மறக்கக்கூடிய வேலை அல்ல அது. அங்கே இருந்த கருவி இங்கிலாந்தின் விஜி நிறுவனத்து எஸ்கா–3 மார்க் 2. மாதிரியைச் சுத்தம் செய்ய ஒரு தனி அறை, அதைத் திரவ நைட்ரஜனால் மைனஸ் 190 டிகிரியை ஒட்டிக் குளிர்விக்கும் ஏற்பாடு. குளிர்வித்தால் மூலக்கூறு உடையாமல் அப்படியே பரப்பில் தங்கும். மெல்லச் சூடேற்றினால் அது மாறுகிற ஒவ்வொரு கட்டத்தையும் எண்களில் பிடிக்கலாம்.

ராவும் எம்.எஸ். ஹெக்டேவும், பி. விஷ்ணு காமத், கே. பிரபாகரன் போன்ற இளைஞர்களும் ஆக்சிஜன், கார்பன் டை ஆக்சைடு, நைட்ரஜன் என்று ஒவ்வொன்றாக எடுத்து, தாமிரம், நிக்கல், இரும்பு, வெள்ளி மேல் வைத்துப் பார்த்தார்கள். வெள்ளி சுவாரசியமானது. எத்திலீனை எத்திலீன் ஆக்சைடாக மாற்றும் ஆலைகளில் வெள்ளிதான் வினையூக்கி. அதன் மேல் ஆக்சிஜன் அணுவாக இருக்கிறதா, மூலக்கூறாகவா என்பது அந்த நாளில் பெரிய சண்டை. குளிர்ந்த வெள்ளியில் மூலக்கூறாகவே தங்கும் ஆக்சிஜன் ஒன்றல்ல, எலக்ட்ரானை வாங்கிக்கொண்ட அளவைப் பொறுத்து இரண்டு வகை என்று 1980களில் பெங்களூர்க் குழு காட்டியது. நைட்ரஜனைப் பற்றி உலகம் முழுவதும் சேர்ந்திருந்த தரவுகளையும் தங்களுடையதையும் தொகுத்து ராவும் ஜி. ரங்கா ராவும் எழுதிய நீண்ட கட்டுரை 1991இல் ‘சர்ஃபேஸ் சயின்ஸ் ரிப்போர்ட்ஸ்’ இதழில் வந்தது. எந்த உலோகத்தில் நைட்ரஜன் நிற்கிறது, எதில் படுக்கிறது, எதில் உடைகிறது என்று தேடுபவர்களுக்கு அது நெடுநாள் கைப்புத்தகம். ரங்கா ராவ் பிறகு சென்னை ஐஐடிக்கு வந்து வினையூக்கி ஆய்வைத் தொடர்ந்தார்.

எர்ட்ல் ஆனாலும் ராவ் ஆனாலும் ஒரு கேள்விக்குப் பதில் சொல்லியாக வேண்டியிருந்தது. ஆலையில் அம்மோனியா உண்டாவது நூறு மடங்குக்கும் மேலான காற்றழுத்தத்தில், 400 முதல் 500 டிகிரி சூட்டில். இவர்கள் பார்ப்பதோ வெற்றிடத்தில். அங்கே தெரிந்ததை இங்கே நம்பலாமா? வாயு நிறைந்த கலத்தில் எலக்ட்ரான் அளவியை எட்டுவதற்குள் மூலக்கூறுகளில் மோதித் தொலைந்துவிடும் என்பதால் வேறு வழியும் இல்லை. 1979இல் பிரிட்டனில் ஜாய்னர், ராபர்ட்ஸ், யேட்ஸ் மூவரும் ஒரு வழி கண்டார்கள். மாதிரியை ஒட்டிச் சின்னத் துளை. துளைக்குப் பின்னால் அடுத்தடுத்த அறைகள். ஒவ்வோர் அறைக்கும் தனித்தனிப் பம்பு. எலக்ட்ரான் வாயுவுக்குள் பயணம் செய்யும் தூரம் சில மில்லிமீட்டராகச் சுருங்கியது. புனே தேசிய வேதியியல் ஆய்வகத்தில் சென்னை ஐஐடியில் படித்த சி.எஸ். கோபிநாத்தும், சி.பி. வினோத், கனக் ராய் ஆகியோரும் இதே தத்துவத்தில் அமைத்த கருவியைப் பற்றி 2013இல் எழுதினார்கள். அவர்கள் தாமிரத்தையும் வெள்ளியையும் தங்கத்தையும் ஒரு மில்லிபார் ஆக்சிஜனில் வைத்து ஆக்சைடு உருவாவதை நேரிலேயே அளந்தார்கள். வெற்றிடத்தோடு ஒப்பிட்டால் இது மாபெரும் ஏற்றம். ஆலையோடு ஒப்பிட்டால் இன்னும் லட்சம் மடங்கு கீழே.

2024 ஜனவரியில் ‘நேச்சர்’ இதழில் ஸ்டாக்ஹோம் பல்கலைக்கழகத்து ஆண்டர்ஸ் நில்சனின் குழு ஒரு பார் அழுத்தம் வரைக்கும் போனதைச் சொல்லியது. ஹாம்பர்க்கில் உள்ள பெட்ரா–3 ஒத்தியங்கு முடுக்கியின் வீரியமான எக்ஸ் கதிரின் முன்னால் இரும்புப் படிகத்தையும் ருத்தீனியப் படிகத்தையும் வைத்து, நைட்ரஜனும் ஹைட்ரஜனும் சேர்ந்து அம்மோனியா உண்டாகும்போதே அளந்திருக்கிறார்கள். இரும்பு நைட்ரைடாக மாறிவிடுமோ என்ற பழைய சந்தேகம் இருந்தது. வேலை செய்கிறபோது அது உலோகமாகவே இருக்கிறது. நைட்ரஜன் உடைவதுதான் கடினமான படி என்ற எர்ட்லின் முடிவும் நின்றது. கூடுதலாக ஒன்றும் தெரிந்தது: சூட்டைக் குறைத்தால் இரும்பின் மேல் பாதி ஹைட்ரஜன் ஏறிய நைட்ரஜன் துண்டுகள் கழலாமல் தேங்குகின்றன. குறைந்த சூட்டில், குறைந்த செலவில் அம்மோனியா எடுக்க நினைப்பவர்கள் இனிமேல் முட்ட வேண்டிய இடம் அதுதான். ருத்தீனியத்தில் அந்தத் தேக்கம் இல்லை. ஆனால் அதன் விலை வேறு. அந்த உலோகத்தை நம்பி ஆலை கட்டியவர்களின் கதை அடுத்த பகுதியில்.

(தொடரும்)